எந்தப் பேய், யாருடைய பேய்?
ஜப்பானியத் திகில் படங்களும் நம் நாட்டுப் பொந்தியானாக்கும்

முன்னுரை

உலு திராமில் தமிழ்ப்பள்ளி மாணவியாக இருந்தபோது என்னைப் பயமுறுத்தியவள் மோகினி. இடைநிலைப்பள்ளிக்குச் சென்றதும் மலாய்த் தோழிகள் பொந்தியானாக்கை அறிமுகப்படுத்தினார்கள். பல்கலைக்கழக விடுதியில் முதலாமாண்டில் அறைத்தோழியின் மடிக்கணினியில் 'ரிங்கு' படம் பார்த்துச் சடாகோவை அறிந்துகொண்டேன். மூவருக்கும் வெள்ளை உடை, அவிழ்ந்து தொங்கும் நீண்ட கூந்தல். மூவரும் ஆயுள் முடியும் முன்னே இறந்த பெண்கள். அன்றிரவு குளியலறைக்குத் தனியாகப் போகப் பயந்து அறைத்தோழியை எழுப்பியபோது, மூவரில் யாருக்குப் பயப்படுகிறேன் என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை.

மூன்று பேய்களும் இவ்வளவு ஒத்திருக்க, சடாகோவை மட்டும் உலகம் 'ஜப்பானியப் பேய்' என்று நாட்டின் பெயரோடு சேர்த்து அழைப்பது ஏன்? ஜப்பானியத் திகில் படம் என்பது அந்நாட்டின் தேசிய அடையாளமா, அல்லது திரைப்பட வகைகளில் ஒரு கிளை மட்டும்தானா? அதே கேள்வியை நம் பொந்தியானாக் படங்களிடம் கேட்டால் என்ன விடை கிடைக்கும்? அந்த விடையில் மலேசியத் தமிழர்களாகிய நமக்கு இடமுண்டா? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. ஜப்பானியப் பேயின் பூர்வீகம்

ஜப்பானியர் இறந்தவரின் ஆவியை 'யூரெய்' என்பர். அதிலும் வஞ்சம் தீராமல் திரும்பி வரும் ஆவிக்கு 'ஒன்ரியோ' என்ற தனிப்பெயர் உண்டு. அந்த வெள்ளை உடை, பிணத்துக்கு உடுத்தும் ஆடை. உயிரோடு இருக்கும்போது ஒழுங்காக வாரி முடிந்திருந்த கூந்தல், இறந்த பின் அவிழ்த்து விடப்படுகிறது. ஆக, படங்களில் நாம் காணும் தோற்றம் எந்த ஒப்பனைக் கலைஞரின் கற்பனையும் அன்று; அது ஓர் ஈமச்சடங்கின் கோலம்.

அந்தக் கோலத்தை மேடையில் நிலைநிறுத்தியது கபுக்கி நாடகம். 1825ஆம் ஆண்டு எடோ நகரில், அதாவது இன்றைய தோக்கியோவில், நான்காம் சுருயா நன்போக்கு எழுதிய 'யோத்சுயா கெய்தான்' அரங்கேறியது. அதன் நாயகி ஓய்வா, கணவனால் வஞ்சிக்கப்பட்ட பெண். மருந்தென்று நம்பிக் குடித்த நஞ்சு அவள் முகத்தைச் சிதைக்கிறது. தலை வாரும்போது கூந்தல் கொத்துக் கொத்தாகக் கையோடு வருகிறது. அவள் இறந்தபின் கணவனை நிம்மதியாக வாழவிடவில்லை. சினிமா வந்த பிறகு இக்கதை மீண்டும் மீண்டும் படமானது. நோபுவோ நாகாகாவா 1959இல் இயக்கிய படம் அவற்றுள் புகழ்பெற்றது.

இங்கே ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. ஜப்பானியப் பேய் காரணமில்லாமல் வருவதில்லை. யாரோ ஒருவர் அவளுக்கு அநியாயம் செய்தார். ஊர் அதைக் கண்டும் காணாமல் இருந்தது. அவளுக்கு முறையான அஞ்சலி நடக்கவில்லை. அதனால் வருகிறாள். நம் வழக்கில் கருமாதி செய்யப்படாத ஆவி அலைகிறது என்று சொல்வதற்கும் இதற்கும் அதிகத் தொலைவில்லை.

2. தேசியக் கதையை எழுதிய அந்நியர்

ஜப்பானியத் திகில் படங்களை உலக அரங்குக்குக் கொண்டு சென்றவற்றுள் மசாகி கோபாயாஷியின் 'கெய்தான்' முதன்மையானது. 1964இல் உருவான இப்படம் அடுத்த ஆண்டு கேன்ஸ் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசைப் பெற்றது. நான்கு பேய்க்கதைகளைக் கொண்ட இதைப் பார்ப்பவர்கள், இதைவிட ஜப்பானியத்தனமான படம் உண்டா என்று கேட்பார்கள்.

ஆனால் அக்கதைகளை எழுதியவர் யார்? லாஃப்காடியோ ஹெர்ன். 1850இல் கிரேக்கத் தீவொன்றில் பிறந்தவர், தந்தை அயர்லாந்துக்காரர். 1890இல் ஜப்பானுக்கு வந்தவர், ஜப்பானியப் பெண் செத்சுவை மணந்து, 1896இல் கொயிசுமி யாகுமோ என்ற பெயரோடு அந்நாட்டுக் குடிமகனானார். செத்சு சொல்லச் சொல்லக் கேட்ட பழங்கதைகளை அவர் ஆங்கிலத்தில் எழுதினார். 'கெய்தான்' என்ற நூல் 1904இல் வெளிவந்தது. ஒரு நாட்டின் பேய்க்கதைகள் வெளியிலிருந்து வந்த ஒருவரின் கையால், வேறொரு மொழியில் எழுதப்பட்டு, பிறகு அந்நாட்டின் முகமாகவே ஆகிவிட்டன.

ஆகவே தேசிய அடையாளம் என்பது மண்ணிலிருந்து தானாக முளைப்பதில்லை. பல கைகள் சேர்ந்து அதை உருவாக்குகின்றன. இதை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் நம் நாட்டுக் கதை எளிதில் விளங்கும்.

3. கிணற்றிலிருந்து தொலைக்காட்சிக்கு

கோஜி சுசுக்கி 1991இல் எழுதிய நாவலை ஹிதெயோ நாகாதா 1998இல் 'ரிங்கு' என்ற படமாக்கினார். ஒரு காணொளி நாடாவைப் பார்ப்பவர் ஏழு நாளில் இறந்துபோவார் என்பதே கதை. நாடாவின் பின்னால் இருப்பவள் சடாகோ, கிணற்றில் தள்ளிக் கொல்லப்பட்ட பெண். கிணறும் வஞ்சமும் கூந்தலும் பழையவை. அவள் வெளியேறும் வழி மட்டும் புதியது: வீட்டுக் கூடத்தில் உள்ள தொலைக்காட்சிப் பெட்டி.

1990களின் தொடக்கத்தில் ஜப்பானின் பொருளாதாரக் குமிழி வெடித்தது. நிலத்தின் விலையும் பங்குகளின் விலையும் சரிந்தன. ஆயுட்கால வேலை என்ற நம்பிக்கை ஆட்டங்கண்டது. அந்தக் காலத்தின் நிழலை இப்படங்களில் காணலாம். 'ரிங்கு'வின் நாயகி மணமுறிவு பெற்று, வேலையையும் மகனையும் ஒருசேரச் சுமக்கும் பத்திரிகையாளர். நாகாதாவின் 'டார்க் வாட்டர்' (2002) படத்தில் ஒரு தாய், மகளைத் தன்னோடு வைத்துக்கொள்ளச் சட்டத்தோடு போராடியபடியே, நீர் ஒழுகும் அடுக்ககத்தில் குடியேறுகிறாள். தக்காஷி ஷிமிசுவின் 'ஜூ-ஒன்' (2002) படத்தின் சாபம், கணவன் மனைவியைக் கொன்ற வீட்டிலிருந்து பிறக்கிறது. கியோஷி குரோசாவாவின் 'கைரோ' (2001) இணையத்தின் வழியே பரவும் தனிமையைப் பேயாக்குகிறது. சிதைந்த குடும்பமே இவற்றின் உண்மையான பேய்வீடு எனலாம்.

எனினும் 'ஜே-ஹாரர்' என்ற பெயர் உலகெங்கும் பரவியதற்குச் சந்தைக்கும் பெரும் பங்குண்டு. ஹாலிவுட் 2002இல் 'ரிங்கு'வைத் தன் மொழியில் எடுத்தது. 2004இல் ஷிமிசுவையே அழைத்து அவருடைய படத்தை மறுபடி எடுக்க வைத்தது. பிரிட்டனின் டார்டன் நிறுவனம் 'ஏசியா எக்ஸ்ட்ரீம்' என்ற முத்திரையில் ஜப்பானியப் படங்களோடு கொரியப் படங்களையும் பிற ஆசியப் படங்களையும் ஒரே அலமாரியில் அடுக்கி விற்றது. தாய்லாந்தின் 'ஷட்டர்' (2004) படத்தில் புகைப்படத்தின் வழியே பேய் வந்தது. தமிழிலும் அறிவழகனின் 'ஈரம்' (2009) தண்ணீரைப் பேயின் வழியாக்கியது. இந்தக் கட்டத்தில் அது ஒரு கிளை வகையாகிவிட்டது. எந்த நாட்டவரும் எடுத்தாளக்கூடிய ஒரு பாணி.

எனவே முதற்கேள்விக்கு விடை இதுதான்: பாணி எல்லை தாண்டும். ஆனால் அந்தப் பேய் எதற்காக வஞ்சம் கொண்டது என்ற காரணம் சொந்த ஊரிலேயே வேரூன்றி நிற்கும். தேசிய அடையாளத்தைத் தேடுவோர் கூந்தலைப் பார்க்க வேண்டாம். காரணத்தைப் பார்க்க வேண்டும்.

4. மெர்டேக்காவுக்கு முன் பிறந்த பேய்

இனி நம் நாட்டுக்கு வருவோம். பிரசவத்தில் அல்லது கருவுற்ற நிலையில் இறந்த பெண் பொந்தியானாக் ஆகிறாள் என்பது மலாய் மக்களின் நம்பிக்கை. பூமணம் அவள் வருகையைச் சொல்லும். பிடரியில் ஆணி அறைந்தால் அழகிய பெண்ணாக மாறுவாள். ஆணியைப் பிடுங்கினால் மீண்டும் பேய்.

அவளை முதன்முதலில் திரைக்குக் கொண்டு வந்து வெற்றி கண்டது சிங்கப்பூரின் காத்தே-கெரிஸ் நிறுவனம். 'பொந்தியானாக்' 1957 ஏப்ரல் 27ஆம் நாள் திரையிடப்பட்டது. மலாயா சுதந்திரம் அடைந்தது அதே ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள். நாடு பிறப்பதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பே அதன் பேய் திரையில் பிறந்துவிட்டது! படம் ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஓடியது. 'டெண்டாம் பொந்தியானாக்' அதே ஆண்டிலும், 'சும்பா பொந்தியானாக்' 1958இலும் தொடர்ந்தன. போட்டி நிறுவனமான ஷா சகோதரர்களும் விடவில்லை. 1958இல் 'அனாக் பொந்தியானாக்' எடுத்தார்கள்.

இந்தப் பேயை உருவாக்கிய கைகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். காத்தே-கெரிசை நடத்தியவர்கள் லோக் வான் தோவும் ஹோ ஆ லோக்கும், சீனர்கள். பேயாக நடித்த மரியா மெனாடோ, இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் பிறந்தவர். இயக்கியவர் பி.என். ராவ், இந்தியர்.

பி.என். ராவ் தமிழ்ச் சினிமாவுக்குப் புதியவர் அல்லர். 'ரம்பையின் காதல்' (1939), 'மதனகாமராஜன்' (1941) ஆகிய தமிழ்ப்படங்களை இயக்கியவர் அவர். தேவலோகப் பெண் ஒருத்தி மண்ணுலக மனிதனோடு சேரும் கதையைத் தமிழில் எடுத்த கை, பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் மலாயில் பொந்தியானாக்கை எடுத்தது. மாயப்பெண், சாதாரண மனிதன், ஆடல் பாடல், கண்ணீர் என்ற கலவையை அவர் எங்கே கற்றார் என்று நாம் தேட வேண்டியதில்லை.

ராவ் மட்டுமல்லர். மதராசில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன், 1950இல் 'பக்தி' படத்தில் பி. ரம்லியைக் கதாநாயகனாக்கியவர். 1958இல் 'ஓராங் மிஞாக்' படத்தை இயக்கியவரும் அவரே. உடலெங்கும் எண்ணெய் பூசிக்கொண்டு இரவில் பெண்களைத் தேடி வரும் அந்த உருவம் மலாய்க் கம்பங்களின் பெரும் பீதி. பிற்காலத்தில் 'தான் ஸ்ரீ' விருது பெற்ற அவர், மலேசியத் திரைத்துறையின் முன்னோடிகளுள் ஒருவராகப் போற்றப்படுகிறார்.

மலாய் மக்களின் நாட்டார் நம்பிக்கை, சீனரின் முதலீடு, இந்தியரின் இயக்கம்: இம்மூன்றும் சேர்ந்தே இந்நாட்டின் முதல் திரைப்பேயைப் பெற்றன. கிரேக்கத் தீவில் பிறந்த ஹெர்ன் ஜப்பானுக்குச் செய்ததை, ராவும் கிருஷ்ணனும் மலாயாவுக்குச் செய்தார்கள்.

5. குட்டையில் மூழ்கிய பேய்

இந்த வெற்றிக்கதைக்கு ஒரு சோகமான பின்குறிப்பு உண்டு. 1957இல் வந்த இரண்டு பொந்தியானாக் படங்களையும் இன்று நாம் பார்க்க முடியாது. படச்சுருள்கள் இல்லை. ஹோ ஆ லோக் அவற்றைக் கைவிடப்பட்ட ஈயக்குட்டை ஒன்றில் எறிந்துவிட்டார் என்று சொல்வார்கள். சடாகோ கிணற்றில் கிடந்தாள். நம் பேயோ படச்சுருளோடு குட்டையில் கிடக்கிறாள். 'சும்பா பொந்தியானாக்' தப்பிப் பிழைத்தது. சிங்கப்பூரின் ஆசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் உள்ள காத்தே-கெரிஸ் மலாய்ப் படங்கள், 2014இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன.

1975இல் வந்த ஒரு படத்துக்குப் பின், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பொந்தியானாக் நம் திரையரங்குகளில் தலைகாட்டவில்லை. பழைய படப்பிடிப்புக் கூடங்கள் மூடப்பட்டிருந்தன. பேய்ப்படங்கள் மூடநம்பிக்கையை வளர்க்கும், சமயத்துக்குப் புறம்பானவை என்ற எண்ணம் தணிக்கையில் வலுத்திருந்தது. 2004இல் ஷுஹாய்மி பாபாவின் 'பொந்தியானாக் ஹாரும் சுண்டால் மாலாம்' அந்த மௌனத்தைக் கலைத்தது. மாயா காரின் நடித்த அந்தப் பேய், கொலை செய்யப்பட்ட ஒரு நடனக்காரி.

அதன்பின் கதவு திறந்தது. மாமாட் காலிட் பேயோடு நகைச்சுவையைக் கலந்தார். ஷம்சுல் யூசோப்பின் 'முனாபிக்' (2016) பெரும் வசூல் கண்டது. அதன் நாயகன் ஒரு சமய ஆசிரியர். அவர் பேயோடு மோதும் ஆயுதம் இறைநம்பிக்கை. 1957இன் பேய்க்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டே நாடு தன்னைப் பார்க்கும் பார்வை எப்படி மாறியிருக்கிறது என்று அறியலாம். எமிர் எஸ்வானின் 'ரோ' (2019), அமண்டா நெல் யூவின் 'டைகர் ஸ்ட்ரைப்ஸ்' (2023) ஆகிய இரண்டுமே ஆஸ்கார் தேர்வுக்கு மலேசியாவின் சார்பில் அனுப்பப்பட்டவை. 'டைகர் ஸ்ட்ரைப்ஸ்' கேன்ஸ் விழாவின் விமர்சகர் வாரப் பிரிவில் முதற்பரிசும் வென்றது. அன்று ஜப்பான் 'கெய்தான்' படத்தைக் காட்டி உலகின் முன் நின்றது போல, மலேசியாவும் திகில் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு உலகின் முன் நிற்கிறது.

6. படமாகாத பேய்கள்

ஒரு நாடு எந்தப் பேயைப் படமாக்குகிறது என்பதைப் பார்த்தோம். எந்தப் பேயைப் படமாக்குவதில்லை என்பதும் அதே அளவு முக்கியம்.

இஷிரோ ஹொண்டாவின் 'காட்சில்லா' 1954இல் வந்தது. அதே ஆண்டு மார்ச்சு மாதம் பசிபிக் கடலில் நடந்த அமெரிக்க அணுகுண்டுச் சோதனையில் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகு கதிரியக்கத்துக்கு ஆளாகியிருந்தது. ஹிரோஷிமாவில் பிறந்த கனேத்தோ ஷிண்டோ, 'ஒனிபாபா' (1964) படத்தில் முகமூடிக்குள் சிதைந்த முகத்தை, அணுகுண்டில் தப்பியவர்களின் முகங்களை மனத்தில் கொண்டு அமைத்தார். ஜப்பானியத் திகில் படம் ஜப்பானியர் பட்ட துன்பத்தை மறக்கவில்லை. ஆனால் ஜப்பானியப் படை மற்றவருக்கு இழைத்த துன்பம்? நேர்மையாகச் சொல்வதானால், அந்நாட்டுச் சினிமா முழுவதும் வாய்மூடி இருந்ததில்லை. 'கெய்தான்' எடுத்த அதே கோபாயாஷி, அதற்கு முன்பே 'மனித நிலை' என்ற முத்தொடர் படத்தில் (1959-1961) மஞ்சூரியச் சுரங்கத்தில் சீனத் தொழிலாளர்கள் பட்ட கொடுமையைக் காட்டினார். ஆனால் அந்தத் தொழிலாளர்கள் யாரும் பேயாகத் திரும்பி வந்து டோக்கியோ வீட்டுக் கதவைத் தட்டவில்லை. பேயாகும் உரிமை சொந்த நாட்டவருக்கே கிடைத்தது.

இங்கே என் குடும்பத்துக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் பாட்டி தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அன்று ரப்பர், பிறகு செம்பனை, இன்று அந்த இடங்களில் வீடமைப்புப் பகுதிகள். பாட்டிக்கு ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பேய் தெரியும். "ராத்திரியில யாராச்சும் பேரு சொல்லிக் கூப்பிட்டா, மூணு தடவ கூப்பிடற வரைக்கும் பதில் சொல்லக்கூடாது" என்பார். அத்தனை பேய்க்கதைகளிலும் அவருடைய பெரியப்பா மட்டும் வந்ததில்லை. அவர் ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்குக் கொண்டு போகப்பட்டவர். திரும்பவில்லை. படம் இல்லை. இறந்த நாள் தெரியாததால் ஆடி அமாவாசையன்றுதான் அவருக்குப் படையல்.

1942க்கும் 1943க்கும் இடையில், தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டனர். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் மாண்டவர்கள் ஏராளம். காஞ்சனபுரியில் உள்ள போர்க்கல்லறையில் நேசநாட்டுப் போர்க்கைதிகள் கிட்டத்தட்ட 7,000 பேர் பராமரிக்கப்பட்ட வரிசைகளில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். நம்மவருக்கு அப்படி ஒரு வரிசை இல்லை. நம் எழுத்தாளர்கள் அவர்களை மறக்கவில்லை; ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் அதற்குச் சாட்சி.

ஆனால் திகில் படம் என்று வந்தால் நாம் யாருடைய பேய்களைப் பார்க்கிறோம்? ஜொகூர் பாரு திரையரங்கில் தமிழ்நாட்டு அரண்மனைகளின் பேய்களுக்குக் கைதட்டுகிறோம். அதில் தவறில்லை, நானும் தட்டியிருக்கிறேன். எனினும் இந்நாட்டின் முதல் திரைப்பேயை இயக்கிய இனம், தன் சொந்த இறந்தோரை இன்னும் அந்தத் திரைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது. அநியாயச் சாவு, செய்யப்படாத சடங்கு, பேசாத ஊர் என்று ஜப்பானியப் பேய்க்கு வேண்டிய மூன்று காரணங்களும் நம்மிடம் இருக்கின்றன.

முடிவுரை

ஜப்பானியத் திகில் படம் தேசிய அடையாளமும் ஆகும், திரைப்பட வகையின் கிளையும் ஆகும். அதன் பாணி உலகுக்குப் பொது. அதன் வஞ்சம் ஜப்பானுக்கு உரியது. பொந்தியானாக்கின் கதையும் அப்படியே. அவளைத் திரைக்குக் கொண்டு வந்த கைகளில் ஒன்று தமிழ்ப்படம் எடுத்துப் பழகிய கை என்பதை நாம் தயங்காமல் சொல்லிக்கொள்ளலாம்.

இக்கட்டுரைக்காகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நாளில் பாட்டியிடம் கேட்டேன்: "உங்க பெரியப்பா பேயா வரமாட்டாரா பாட்டி?"

பாட்டி வெற்றிலையை மடித்தபடியே சொன்னார்: "வந்தா நல்லாத்தாம்மா இருக்கும். எங்க செத்தீங்கன்னு கேக்கலாமில்ல."

நம் சங்கத்தில் குறும்படம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். முன்னாள் மாணவர்களில் திரைத்துறையில் பணியாற்றுபவர்களும் இருக்கக்கூடும். அவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. அடுத்த பேய்க்கதையைத் தேடுமுன் உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியிடம் உட்காருங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். ஜப்பான்காரன் காலத்தில் குழந்தைகளாக இருந்தவர்களுக்கு இன்று எண்பதுக்கு மேல் வயது. யார் போனார், எந்தத் தோட்டத்திலிருந்து போனார், பெயர் என்ன என்று கேட்டு வையுங்கள். என் பாட்டியின் பெரியப்பாவுக்குப் பெயர் உண்டு. அதை எழுதி வைத்துவிட்டேன்.